வாடகைக்கு விட்டால் குற்றமா?

"கவர்மெண்டு வீடு குடுத்தா, அதை வாடகைக்கு விட்டுட்டு மறுபடியும் கூவத்தோரமே வந்து உக்காந்துக்கிறாங்க." சென்னையில் குடியிருக்கும் எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் சொல்வார்கள், ஆட்டோக்காரரும் சொல்வார். சொன்ன கையோடு பேச்சு முடிந்துவிடும். தப்பு குடிசைக்காரர்களுடையது என்று தீர்ப்பாகிவிட்டதே!

வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டைக் கைமாற்றிவிடும் தரகர்களும் இருக்கிறார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. ஏன் விடுகிறார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயோ அதன் பக்கத்திலேயோ மாடி வீடு கட்டி, அங்கிருந்தவர்களையே குடியேற்றுவதுதான் பெரும்பாலும் நடந்தது. மயிலாப்பூர்க்காரர் மயிலாப்பூரிலேயே இருந்தார். 2000-க்குப் பிறகு கதை மாறியது. நகரத்துக்குள் நிலம் பொன்னானது. ஏழைக்கு ஊருக்கு வெளியே இடம் பார்த்தார்கள். கண்ணகி நகரில் 15,000-க்கு மேல் வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000-க்கு மேல், இவற்றோடு செம்மஞ்சேரி. எல்லாம் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சுற்றுவட்டாரத்தில். கண்ணகி நகரின் முதல் வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்று, கூவக் கரைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக லாரியில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். சில இடங்களில் பள்ளி ஆண்டின் நடுவிலேயே.

மந்தைவெளியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் கோலம் போட்டாக வேண்டும். குழந்தை அழுதால் நடுவில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார். பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு கிடைத்த பிறகு, அதே ஆறு மணிக்கு வருவதென்றால் எத்தனை மணிக்குக் கிளம்புவது? 2021-லிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்லது. ஆனால் டிக்கெட் காசு மிச்சமாகும், நேரம் மிச்சமாகாது. வேலை போகும். வேலையைக் காப்பாற்ற நினைத்தால், கிடைத்த வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் பழைய பேட்டையில் ஒரு ஒண்டுக்குடித்தனம் பிடிக்க வேண்டும். இதற்குத்தான் ஏமாற்று என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்தக் குடியிருப்புகளை ஒட்டிய பழைய மாமல்லபுரம் சாலையில் இன்னொன்றும் நடக்கிறது. மயிலாப்பூரில் இருந்துகொண்டு சோழிங்கநல்லூரில் ஃபிளாட் வாங்கி ஐ.டி. பையன்களுக்கு வாடகைக்கு விடுகிறவரைப் 'பிழைக்கத் தெரிந்தவர்' என்கிறோம். அந்த வீட்டுக் கடன் வட்டிக்கு வருமான வரியில் சலுகையும் உண்டு. அவர் செய்தால் முதலீடு, இவர் செய்தால் துரோகம்.

ஊருக்கு வெளியே போனவர்களை அங்கே நிம்மதியாக இருக்கவாவது விட்டோமா? முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தால் வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள், கடன் கொடுக்கத் தயங்குகிறார்கள். 2025-ல் பஹ்ரைனில் தங்கம் வென்ற இளையோர் கபடி அணியில் ஆடிய கார்த்திகா 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே பேர் வாங்கிய பிறகுதான், அந்த ஊரின் பெயரைப் பலர் முகம் சுளிக்காமல் சொன்னார்கள்.

கட்டிய லட்சணம் தனிக்கதை. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் புதுச் சுவரைக் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததை ஊரே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வாரிய வீடுகள் இருந்த ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. கட்டி முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. விரிசலைப் பார்த்து மக்களே முன்கூட்டி வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். 'வீட்டைப் பராமரிக்கத் தெரியாதவர்கள்' என்று நாம் சொல்லும் அதே மக்கள்.

பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு அதே இடத்தில் பெரிய வீடுகளாகக் கட்டும் வேலை இப்போது நடக்கிறது. இதை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் கட்டி முடியும்வரை வெளியே தங்கக் கருணைத் தொகை 24,000 ரூபாய். ஒன்றரை வருடத்தில் கட்டி முடித்தால்கூட மாதத்துக்கு 1,333 ரூபாய். சென்னையில் அந்த வாடகைக்கு எந்தத் தெருவில் வீடு இருக்கிறது?

நகரத்துக்குள் இடமே இல்லை என்பது கடைசி வாதம். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு, அங்கிருந்தவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே மாற்று வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். முந்தைய நாள் வரை இல்லாத இடம் அது.