பார்த்தவரும் பார்த்து இறங்கியவரும்



வடகடல்களில் படகேறிப் போய்த் திமிங்கிலம் பார்ப்பது இன்று பெரிய சுற்றுலாத் தொழில். ஐஸ்லாந்தின் ஹூசாவிக் என்ற சிறிய மீன்பிடி ஊர் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இதற்குப் பேர் பெற்றது. நமக்கு அண்மையில், இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸயிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத் திமிங்கிலத்தைக் காணப் படகுகள் செல்கின்றன. "நம்ம கடல்லயும் தொடங்கினா மீனவருக்கு வருமானம் வருமே, சாமி" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் நம் கரை திமிங்கிலத்தைக் கண்டது வேறு விதமாக. 2016 ஜனவரி 11, 12 தேதிகளில், புனித சவேரியார் கால்பதித்த மணப்பாடு பகுதியில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள். விடப்பட்டவற்றில் சில மீண்டும் கரைக்கே திரும்பின. கூட்டமாக வாழும் இனம் அது. 40க்கும் மேற்பட்டவை இறந்தன. அவற்றைக் கரையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973 ஜனவரியிலும் இதே கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின.

நல்ல சமாரியர் உவமையை நினைத்துக்கொள்வோம். குருவும் லேவியரும்கூட அடிபட்டவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். சமாரியர் பார்த்தார், நெருங்கி வந்தார். மணப்பாட்டு மீனவர்கள் செய்ததும் அதுதான்.

கரையில் தவிக்கும்போது நெருங்கிப் போவது அன்பு. கடலில் நீந்தும்போது விலகி நிற்பதே அன்பு. இலங்கையில் 100 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2012இல் விதி வந்தது. ஆனாலும், காசு கொடுத்து வந்தவருக்குக் காட்டியாக வேண்டும் என்று படகுகள் முண்டியடித்துத் துரத்துவதுண்டு. அதே கடலில் கப்பல் மோதியும் நீலத் திமிங்கிலங்கள் சாகின்றன. இதைக் குறைக்க, 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் பாதையைத் தெற்கே தள்ளி அமைத்தது. மனம் இருந்தால் கப்பலும் வழி மாறும்.

ஒவ்வொரு படைப்புக்கும் நமக்குப் பயன்படுவதைக் கடந்த தனி மதிப்பு உண்டு என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' மடலில் வலியுறுத்தினார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாயின. 2022இல் பாக் விரிகுடாவில் கடல்பசுவுக்குக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. சட்டம் வந்துவிட்டது, மனம் வர வேண்டும்.

எனவே, இளைஞர்களே, படகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் விதி வரட்டும், பிறகு படகு வரட்டும். அதன் வருமானம் கரையில் வாழ்பவர்களுக்கே சேரட்டும். அதுவரை, கிழிந்த வலையைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டு வருவோம். வலையில் சிக்கிய ஆமையையும் கடல்பசுவையும் உயிரோடு விடுவோம்.

கடலைப் பார்க்கும் நாம் பார்த்து விலகுகிறவர்களா, பார்த்து இறங்குகிறவர்களா? இந்த வாரச் செபத்தில் நம்மையே கேட்டுக்கொள்வோம்.