இரவல் காரும் விமர்சன நேர்மையும்

விமர்சனம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை நூலும் நாடகமும் இசையும் திரைப்படமும்தான். காரைப் பற்றி எழுதுவதை அந்த வரிசையில் சேர்க்க இலக்கிய வாசகர்களாகிய நமக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. ஆனால் 2004-ஆம் ஆண்டு விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் கார்களைப் பற்றி எழுதிவந்த டான் நீலுக்கே வழங்கப்பட்டது. அவருக்கு முன்பே பிரிட்டனில், சட்டம் படித்த எல்.ஜே.கே. செட்ரைட் (1931–2005), பொறியியலையும் வரலாற்றையும் ஒரே மூச்சில் பேசும் கட்டுரைகளால் தமக்கென ஒரு வாசகர் வட்டத்தை உருவாக்கியிருந்தார். ஆக, இத்துறையில் நல்ல உரைநடை சாத்தியம் என்பதில் ஐயமில்லை. நாம் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி வேறு: நேர்மையான விமர்சனம் சாத்தியமா?

இக்கேள்வி எழக் காரணம் அத்தொழிலின் அன்றாட ஏற்பாடுதான். மேலை நாடுகளில் பெரும்பாலான கார் விமர்சகர்கள் தாம் எழுதும் காரை விலைகொடுத்து வாங்குவதில்லை. பத்திரிகையாளர்களுக்கென்றே நிறுவனங்கள் சில கார்களை ஒதுக்கி வைத்திருக்கின்றன. கழுவித் துடைத்து, எரிபொருள் நிரப்பி, வீட்டு வாசலுக்கே கார் வந்து சேரும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது போய் அடுத்தது வரும். புதிய மாடல் அறிமுகமாகும்போது விமானச் சீட்டும் விடுதி அறையும் பெரும்பாலும் நிறுவனத்தின் செலவு. ஓட்டிப் பார்க்க வேண்டிய சாலையையும் நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது. காலையில் பொறியாளர்களின் விளக்கம், பகலில் சில மணி நேர ஓட்டம், இரவில் விருந்து. கட்டுரையை எந்த நாளில், எந்த மணிக்கு வெளியிடலாம் என்பதையும் நிறுவனமே வரையறுப்பதுண்டு. சில இதழ்கள் பயணச் செலவைத் தாமே ஏற்கின்றன. ஆனால் காரை இரவல் வாங்காமல் இருப்பவை மிகச் சிலவே.

இரவல் கொடுப்பவர் கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நீலின் அனுபவமே சான்று. 2005 ஏப்ரலில் போன்டியாக் ஜி6 என்ற காரைக் கடுமையாக விமர்சித்த அவர், அதைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையையும் விட்டுவைக்கவில்லை. கட்டுரைகளில் பிழைகள் இருப்பதாகக் கூறி, அந்நாளிதழுக்குத் தந்துவந்த விளம்பரங்களை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. சில மாதங்கள் கழித்தே அவை திரும்பின. நீல் தம் பத்தியைத் தொடர்ந்து எழுதினார். 2009-இல் அந்நிறுவனம் திவாலானதும், போன்டியாக் என்ற பெயரே பின்னர் மறைந்ததும் வேறு கதை. அவற்றைக் காட்டி விமர்சகர் வென்றார் என்று சொல்ல நாம் முற்படவில்லை. ஒரு பெரிய நாளிதழ் தாங்கிக்கொண்ட இழப்பைச் சிறிய இதழொன்று தாங்கியிருக்குமா என்பதே நம் கவலை.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1936-இல் தொடங்கப்பட்ட நுகர்வோர் அமைப்பின் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், சாதாரண வாடிக்கையாளரைப் போலப் பெயரை வெளிக்காட்டாமல் விற்பனையகத்தில் காரை வாங்கி, கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள தன் சோதனைக் களத்தில் ஓட்டிப் பார்க்கிறது. இதழில் விளம்பரம் கிடையாது. பல ஆண்டுகளாகக் காரை வைத்திருப்பவர்களிடமும் கேட்டறிந்து, பழுதுகளைத் தொகுத்துத் தருகிறது. அதற்கும் நிம்மதி வாய்க்கவில்லை. சுசூகி சமுராய் எளிதில் கவிழக்கூடியது என்று 1988-இல் எழுதியதற்காக 1996-இல் வழக்கைச் சந்தித்தது; 2004-இல்தான் அது சமரசத்தில் முடிந்தது. விலைகொடுத்து வாங்கினாலும் உண்மைக்குத் தனியாக ஒரு விலை இருக்கிறது. எனினும் அவ்விதழின் பக்கங்களில் நாம் காண்பது பெரும்பாலும் அட்டவணையும் மதிப்பெண்ணும்தான். செட்ரைட்டையோ நீலையோ அங்கே தேடிப் பயனில்லை.

நூலுக்கு மதிப்புரை எழுதுவோரும் இலவசப் பிரதி பெறுகிறவர்கள்தாமே என்று கேட்கலாம். ஆனால் மதிப்புரையாளர் படித்த நூலும் வாசகர் வாங்கும் நூலும் ஒன்றே. கார் அப்படியன்று. விமர்சகர் அறிவது அதன் முதல் வாரத்தை மட்டுமே. வாங்குபவரோ பத்தாண்டுகள் அதனுடன் வாழ்கிறார்: மாதத் தவணை, தேய்ந்த டயர், பின்னிருக்கையில் குழந்தை சிந்திய பால், உதிரிபாகம் வரும்வரை காத்திருக்கும் நாட்கள். விமர்சகரின் வாசலிலிருந்து கார் திரும்பிப் போன பிறகே இவையெல்லாம் தொடங்குகின்றன.

ஆகவே இரவல் வாங்குவதே குற்றம் என்று நாம் கருதவில்லை. தான் கொடுக்காத விலையை மறந்துவிடுவதே குற்றம். அடுத்த வாரமும் புதிய கார் வரும் என்ற நிச்சயத்தில் எழுதுபவர், எஞ்சினின் ஒலியிலும் தோலுறையின் மணத்திலும் எளிதில் மயங்கிவிடுவார். வாங்கிய ஒரே காரை ஆண்டுக்கணக்கில் ஓட்ட வேண்டிய முகம் தெரியாத ஒருவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பவரே விமர்சகர். பிறர் வாழ்க்கையைக் கற்பனை செய்வதை இலக்கியத்தின் வேலை என்று நாம் சொல்லிவருகிறோம். கார் விமர்சகருக்கும் அதுவே வேலை. யார் செலவில் காரை ஓட்டினோம் என்பதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுவது, அதற்கான முதல் நாணயம்.