சுழல மறுக்கும் வளையம்

நிக்காஹ் மஜ்லிஸில் மணமகன் தன் சம்மதத்தை மொழிவதற்கு ஆகும் நேரம் சில நொடிகளே. சபை முழுவதையும் காட்டிக்கொண்டிருக்கும் லென்ஸை அந்த நொடிகளுக்குள் மணமகனின் முகத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அதற்காகப் படமெடுப்பவர் சுழற்றும் வளையம் பாதி வழியில் இறுகி நின்றுவிட்டால் அந்தப் படம் போனது போனதுதான். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா?

எங்கள் தென்னூரிலும் அதையொட்டிய புத்தூர், உறையூர்ப் பகுதிகளிலும் திருமணப் படமெடுத்துக் குடும்பத்தைத் தாங்கும் இளைஞர்கள் பலர் இருக்கின்றனர். கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர்கள். லென்ஸைப் பெரும்பாலும் பிறர் பயன்படுத்திய பின் விலைக்கு எடுப்பவர்கள். அவர்களுக்கு மட்டுமன்றி, வீட்டு அலமாரியில் ஒரு கேமரா வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இம்மாதப் பகுதி பயன்படும் என்று எண்ணுகிறேன்.

1858இல் லின்னியஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி நம் மலைக்கோட்டையைப் படமெடுத்தபோது, காட்சியைப் பெரிதாக்க வேண்டுமானால் கேமராவையே தூக்கிக்கொண்டு அருகில் செல்ல வேண்டியிருந்தது. நின்ற இடத்தில் நின்றபடியே தொலைவைக் கைக்குள் அடக்கும் வசதி சாதாரண 35 மி.மீ. கேமராவுக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1959இல் ஜெர்மனியின் வாய்க்ட்லேண்டர் நிறுவனம் வெளியிட்ட ‘ஜூமார்’ லென்ஸ் 36 முதல் 82 மி.மீ. வரை சென்றது.

ஜூம் லென்ஸின் உள்ளமைப்பு எளிதில் விளங்கக்கூடியதே. ஒன்றனுள் ஒன்றாகச் சில குழல்கள். ஒரு குழலில் நேரான காடி வெட்டியிருக்கும். மற்றொன்றில் வளைந்து ஏறும் காடி. இரண்டிலும் ஒருசேரப் புகுந்து நிற்கும் சிறு உருளைகள் கண்ணாடித் தொகுதியைத் தாங்குகின்றன. நாம் வளையத்தைத் திருப்பினால் உருளை இரு காடிகளுக்கும் இடையில் அகப்பட்டு முன்னும் பின்னும் நகர்கிறது. சுழற்சியை வேறோர் அசைவாக மாற்றும் இவ்வித்தை புதியதன்று. 1206இல் அல் ஜஸரீ எழுதி முடித்த இயந்திர நூலில், சுழலும் தண்டின் முளைகள் நெம்புகோல்களை அழுத்தி இயக்கும் கருவிகளைக் காணலாம்.

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். எல்லாச் சீரின்மையும் பழுதாகாது. பச்சைமலைப் பாதையில் ஏறும் பேருந்து எல்லா வளைவிலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. காடியின் சரிவு மாறும் இடத்தில் கைக்குச் சுமை கூடுவதும் அப்படித்தான். கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றில் முன்குழல் நடுவழியில் உள்வாங்கி இரு முனைகளிலும் நீள்கிறது. திசை மாறும் அந்த இடத்தில் ஒரு வேறுபாடு தெரியத்தான் செய்யும். வாங்கிய நாள் முதல் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஓசையின்றித் தெரியும் இறுக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நேற்றில்லாதது இன்று வந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரணையை வெளியிலிருந்தே தொடங்குவது நல்லது. வளையத்தின் மேலுள்ள ரப்பர் வெயிலாலும் வியர்வையாலும் தளர்ந்து, பிடித்த கையோடு தான் மட்டும் நழுவும். உள்ளே வளையம் நின்றிருக்க, லென்ஸ் விட்டு விட்டுச் சுழல்வது போலத் தோன்றும். ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். லென்ஸைத் திறக்கவே தேவையில்லை.

நம் ஊரின் தனிப்பகை மணல். இப்போது மணமக்களை முக்கொம்புக்கும் கொள்ளிடக் கரைக்கும் அழைத்துச் சென்று படமெடுப்பது வழக்கமாகிவிட்டது. நீரற்ற ஆற்றுப்படுகையில், அதுவும் ஆடிக் காற்றில், கண்ணுக்குத் தெரியாமல் நுண்மணல் பறக்கிறது. நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. சுருங்கும்போது குழலின் மேல் படிந்த மணல் இடுக்கில் புகுகிறது. நறநறவென்ற ஓசை கேட்டதும், சுழற்றிச் சுழற்றிச் சரிசெய்துவிடலாம் என்று நம் பிள்ளைகள் வளையத்தைத் திருகுகின்றனர். அரிசியை உரலில் இட்டு இடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை! அரைபடுவது மணலன்று, குழல். ஓசை கேட்ட உடனே நிறுத்த வேண்டும். முன்குழல் நீண்ட நிலையில் லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து, மென்தூரிகையால் துடைத்து, ரப்பர்க் குமிழ் ஊதியால் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் படும். வாகனப் பட்டறையின் காற்றுக் குழாயோ மணலை இன்னும் ஆழத்துக்கு அனுப்பிவிடும். மண்டபத்துக்குள்ளும் பகை உண்டு. பன்னீர்த் துளி, சிதறிய சர்பத், பிள்ளைகள் பீய்ச்சும் நுரை ஆகியன இடுக்கில் காய்ந்தால் மறுநாள் வளையம் ஒட்டிக்கொள்ளும்.

கீழே விழுந்த பின் ஒரே இடத்தில் தடுக்கி நிற்பது வேறு வகை. உருளை உடைந்திருக்கலாம், குழல் வட்டம் கெட்டிருக்கலாம். அதைத் தாண்டிச் செல்லும்படி வலிந்து திருப்பினால் காடியும் சேர்ந்து கெடும். உள்ளே மடிந்து விரியும் தட்டையான மின்நாடா ஒன்றும் இருக்கிறது. அது அறுபடத் தொடங்கினால் சில ஜூம் நிலைகளில் மட்டும் கேமரா பிழைச் செய்தி காட்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு வருத்தம் தருவது எண்ணெய் வைத்தியம். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் பழைய லென்ஸ் ஒன்றை வாங்கினார். “ஹஜ்ரத், பார்க்கும்போது அவ்வளவு இலகுவாகச் சுழன்றது, பத்து நாளில் இறுகிவிட்டது” என்றார். பழுதுபார்ப்பவர் திறந்தபோது, இடுக்கில் தையல் இயந்திர எண்ணெய் விடப்பட்டிருந்தது தெரிந்தது. லென்ஸுக்குள் இடுவது இடம்விட்டு நகராத கெட்டிப் பசை. மெல்லிய எண்ணெய் அதைக் கரைத்து, திருச்சி வெயிலில் இளகி ஓடி, ஒளித்துளையைச் சுருக்கும் மெல்லிய தகடுகளை அடைகிறது. தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காலம் தாழ்த்தி மூடுவதால் படங்கள் வெளிறிப் போகின்றன. எஞ்சிய எண்ணெயில் தூசி சேர்ந்து வளையம் முன்னிலும் இறுகுகிறது. சில நூறு ரூபாய் மறைப்புக்காக ஓர் ஏழைப் பிள்ளையின் ஒரு பருவத்து உழைப்பு வீணானது. குறையைச் சொல்லி விற்பதை நமக்குக் கடமையாக்கிய மார்க்கத்தை உடைய நாம், கேமராச் சந்தையில் மட்டும் அதை மறந்துவிடலாமா?

எனவே வாங்குபவர் அவசரப்படலாகாது. அரங்கு அமைதியாக இருக்கும் இடத்தில் லென்ஸைக் காதருகே வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். வானோக்கி, தரைநோக்கி, கிடைநிலையில் என மூன்று விதமாகவும் செய்யுங்கள். தரைநோக்கிப் பிடித்தபோது தன் எடையாலேயே வழுக்கி இறங்குமானால் உராய்வு தேய்ந்திருக்கிறது. நீளும் கனமான லென்ஸ்களில் இது ஓரளவு இயல்பே, விலையில் பேசிக்கொள்ளலாம். வளையம் சீராக இருந்தாலும், கைவிளக்கை ஒரு பக்கமிருந்து பாய்ச்சி ஒளித்துளைத் தகடுகளில் எண்ணெய் மினுக்கம் உண்டா என்று பாருங்கள்.

வீட்டிலேயே திறந்து பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். குழல்களின் புரிகளில் பல தொடக்கங்கள் உண்டு. கழற்றிய அதே தொடக்கத்தில் பூட்டாவிட்டால் தொலைவிலுள்ள பொருள் தெளிவாக விழாது. கண்ணாடித் தொகுதி மயிரிழை சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கும். இதைச் செய்யத் தெரிந்தவரிடமே கொடுங்கள். திரும்பப் பெறும்போது வளையத்தை மட்டும் சுழற்றிப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். கடைவாசலுக்கு வந்து, தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைக் குறுகிய முனையிலும் நீண்ட முனையிலும் படமெடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்த்த பின் கொடுங்கள்.