மாட்டுக்குப் பதிவேடு, மேய்ப்பவருக்கு?

'நாட்டு மாட்டைக் காப்போம்' என்று 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் முழங்கிய தலைமுறை நாம். அந்த முழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. யாருக்காக, யார் கையில் வைத்துக் காப்பது என்பதே என் கேள்வி.

தொப்பூர் முதல் ஒகேனக்கல் வரை எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த மாடு ஆலம்பாடி. ஏரும் வண்டியும் இழுத்த உழைப்பு மாடு. டிராக்டரும் கலப்பினக் கறவை மாடும் வந்தபின் அருகிப்போனது. இப்போது அதற்கென்று காரிமங்கலம் பகுதியில் அரசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வரவேற்போம்.

ஆனால் 'தூய இனம்' என்றதும் சிலருக்குப் பெருமிதம் பொங்குகிறதே, அங்கே நிதானிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1822இல் ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கு வம்சாவளிப் பதிவேடு அச்சானது. பிறகு வந்த இனச் சங்கங்களும் அந்த வழியில் நடந்தன. ஏட்டில் ஏறியது தூயது, ஏறாதது கலப்பு. தூய்மையைத் தீர்மானித்தது பேனா பிடித்த கை. இன்றோ, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்தால் மந்தை நலியும் என்று அந்தச் சங்கங்களே வேறு வழிவந்த காளையைத் தேடுகின்றன.

மனிதருக்கு மாட்டுக் கணக்கு பொருந்தாது. ஆனாலும் அகமணமே சாதியின் அடிப்படை என்று அம்பேத்கர் 1916இலேயே காட்டிய நாடு இது. ஒரு காதல் திருமணத்துக்காக 2012இல் நத்தம் காலனியை எரித்த மாவட்டம் இது. இங்கே 'தூய்மை' வெறும் கால்நடைச் சொல் அல்ல.

காங்கேயம் மாட்டின் வரலாற்றில் பழையகோட்டைப் பட்டக்காரர் பெயர் இருக்கிறது. பட்டியில் சாணி அள்ளியவர், செத்த மாட்டைத் தூக்கியவர், தோலைப் பதப்படுத்தியவர் பெயர் எங்கே?

நிலமில்லாத குடும்பம் மாடு வளர்க்க மேய்ச்சல் நிலம் வேண்டும். காட்டைச் சார்ந்து வாழ்பவரின் மேய்ச்சலை உரிமையாக ஏற்கிறது 2006 வன உரிமைச் சட்டம். ஆனால் சரணாலயங்களில் மேய்ச்சல் கூடாது என்றது 2022இல் சென்னை உயர் நீதிமன்றம். அதே ஆண்டில்தான் தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் காவிரி தெற்கு சரணாலயமும் வந்தது. மேய்ப்பவரை வெளியேற்றிவிட்டு உறைவிந்தை மட்டும் சேமித்தால் இனம் பிழைக்குமா?

ஆகவே மாட்டினம் காக்கும் ஒவ்வொரு அமைப்பிடமும் நாம் கேட்க வேண்டியவை மூன்று: நிர்வாகக் குழுவில் தலித்துகளும் பெண்களும் மேய்ப்பர்களும் எத்தனை பேர்? கன்று கொடுக்கும்போது நிலமற்றவருக்கு முதலிடம் உண்டா? மேய்ச்சல் உரிமைக்காக எங்களோடு நிற்பீர்களா? பதில் சொல்லட்டும். பிறகு பாரம்பரியம் பேசலாம்.