கர்மமா, கட்டியா?

கால் மரத்து, நடை விழுந்து, சிறுநீரும் அடங்காமற் போனவனிடம் "பூர்வ ஜன்மப் பாவம்" என்று சொல்லிப் பரிகாரத்திற்குப் பணம் பறிக்கும் கூட்டத்தாரை ஒன்று கேட்கிறோம். 1887-ல் லண்டனில் கால்கள் விழுந்துபோன ஒருவருக்கு, முதுகுத் தண்டைக் கட்டி அழுத்துகிறதென்று டாக்டர் கவர்ஸ் கணித்தார். டாக்டர் ஹார்ஸ்லி முதுகெலும்பைத் திறந்து அதை எடுத்தார். நோயாளி மறுபடி நடந்தார். அப்படியானால் கத்தி வெட்டியது கட்டியையா, கர்மத்தையா?

இன்றோ எம்.ஆர்.ஐ. படம் அக்கட்டியைக் கண்ணெதிரே காட்டிவிடுகிறது. இக்கட்டி அபூர்வமானதே, எல்லாம் குணமாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் தண்டு நெடுநாள் நசுங்கியபின் கட்டியை எடுத்தாலும் போன கால் திரும்புவது அரிது. ஆகவே, பரிகாரத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் ஒரு மனிதனின் காலைத் தின்கிறது. தோழர்களே, ஜோசியனிடமல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!