கட்டணம் ஒருவர் கட்ட, பயன் வேறொருவருக்கா?



2022ம் ஆண்டு ஜனவரி 9ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவை நாம் சிறப்பித்த நாள். அன்று காலை, அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பிராங்ஸ் பகுதியிலுள்ள 19 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தது. 17 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 8 பேர் சிறுவர். மேற்கு ஆப்ரிக்காவின் காம்பியா நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் பல அங்கு வாழ்ந்துவந்தன.

தீ தொடங்கிய இடம், ஒரு வீட்டில் குளிர்காய வைத்திருந்த சிறிய மின்சார ஹீட்டர். கட்டடத்தில் பொதுவான வெப்ப வசதி இயங்கிக்கொண்டுதான் இருந்தது, அதற்குக் கூடுதலாகவே இந்த ஹீட்டர் பயன்படுத்தப்பட்டது என்று அதிகாரிகள் கூறினர். தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவுகள் மூடவில்லை. புகை மாடிப்படிகளின் வழியே மேலேறியது. இறந்தவர்களின் உயிரைப் பறித்தது நெருப்பல்ல, அந்தப் புகைதான்.

வெப்ப வசதி இருந்தும் தனி ஹீட்டர் தேவைப்பட்டது ஏன்? அந்த ஒரு வீட்டின் காரணம் நமக்குத் தெரியாது. ஆனால், பழைய அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருப்போர் பலருக்கு இது பழகிப்போன வாழ்க்கை. சன்னல் இடுக்கில் குளிர் நுழையும். சுவர் வெப்பத்தைத் தாங்கி வைக்காது. கொதிகலன் பழையது. இவற்றில் எதையும் மாற்றும் உரிமை குடியிருப்பவருக்கு இல்லை. அவர் கையில் இருப்பது, கடையில் வாங்கிய ஒரு ஹீட்டரும், மாதக் கடைசியில் வரும் மின்கட்டண பில்லும்தான்.

இந்தப் பின்னணியில், அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு முயற்சியைப் பற்றி இன்று சிந்திப்போம். மின்சாரத்தையும் எரிவாயுவையும் மிச்சப்படுத்தும் வகையில் அடுக்குமாடி வீடுகளைச் சீரமைக்க, மின் நிறுவனங்களே ஊக்கத்தொகை வழங்கும் திட்டங்கள்தான் அவை.

கேட்டவுடன் வியப்பாக இருக்கும். அரிசிக் கடைக்காரர், "குறைவாகச் சாப்பிடுங்கள், அதற்கு நான் பணம் தருகிறேன்" என்று சொல்வாரா? மின் நிறுவனம் ஏன் அப்படிச் சொல்கிறது? காரணம் எளிது. மக்களின் தேவை கூடக்கூடப் புதிய மின்நிலையங்கள் கட்ட வேண்டும், புதிய கம்பிகள் இழுக்க வேண்டும். அதைவிட, இருக்கிற மின்சாரம் வீணாகாமல் தடுப்பது பல நேரங்களில் மலிவு. 1973ம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இந்தப் பாடத்தை அமெரிக்காவுக்குக் கற்பித்தது. விற்பனை குறைந்தாலும் நிறுவனத்தின் வருமானம் பாதிக்கப்படாத வகையில் கட்டணத்தை நிர்ணயிக்கும் முறையை, கலிபோர்னியா மாநிலம் மின்சாரத்திற்கு 1982ம் ஆண்டிலேயே கொண்டுவந்தது.

சரி, அந்த ஊக்கத்தொகைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். பல மாநிலங்களில் அது நுகர்வோரின் பில்லிலிருந்தே வருகிறது. ஒவ்வொருவரும் செலுத்தும் கட்டணத்தில் ஒரு சிறு தொகை இதற்கென ஒதுக்கப்படுகிறது. மாளிகையில் வாழ்பவரும் கட்டுகிறார், ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் கைம்பெண்ணும் கட்டுகிறார். அப்படியானால், பயனும் இருவருக்கும் கிடைக்க வேண்டும் அல்லவா?

ஆனால், நடைமுறை வேறு. அமெரிக்கக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாடகை வீடுகளில் வாழ்கின்றன. கொதிகலனையும், குளிர்பெட்டியையும், சன்னலையும் தேர்ந்தெடுப்பவர் உரிமையாளர். அவற்றால் வரும் பில்லைப் பல வீடுகளில் கட்டுபவர் குடியிருப்பவர். தான் கட்டாத பில் குறைவதற்காக உரிமையாளர் ஏன் செலவு செய்ய வேண்டும்? தனக்குச் சொந்தமில்லாத சுவருக்குக் குடியிருப்பவர் ஏன் பணம் போட வேண்டும்? ஆக, இருவருமே செய்வதில்லை. உரிமையாளரே வெப்பத்திற்கான கட்டணத்தைக் கட்டும் கட்டடங்களில் கதை தலைகீழாகிறது. நியூயார்க்கின் பழைய நீராவிக் குழாய்க் கட்டடங்களில், கடுங்குளிர் காலத்திலும் வெக்கை தாங்காமல் சன்னலைத் திறந்துவைப்பவர்கள் உண்டு. ஒரு வீட்டில் நடுக்கம், மற்றொரு வீட்டில் வியர்வை!

ஊக்கத்தொகையும் பெரும்பாலும் உரிமையாளரின் கையெழுத்துடன்தான் தொடங்குகிறது. முதலில் செலவு செய்ய வேண்டும், பிறகு ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். எனவே எளிதான வேலைகள் முதலில் நடந்தேறின. பல்புகள் மாறின, தண்ணீரை மிச்சப்படுத்தும் ஷவர் குழாய்கள் வந்தன, மாடிப்படி விளக்குகள் மாறின. இவை நல்லவையே. ஆனால், குடும்பத்தின் சுமையைப் பெரிதாகக் குறைக்கக்கூடிய சுவரும், சன்னலும், கொதிகலனும் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. அவற்றை மாற்றிய உரிமையாளர் சிலர், "வீடு புதிதாகிவிட்டது" என்று சொல்லி வாடகையை உயர்த்தினால், யாருக்காக இந்த வேலை நடந்ததோ அவரே வெளியேற வேண்டியதாகிறது.

இந்தச் சுமை சிறிதல்ல. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிறுவனம் 2020ம் ஆண்டுக்காக எடுத்த கணக்கின்படி, 3 கோடியே 40 இலட்சம் குடும்பங்கள், அதாவது 27 விழுக்காட்டினர், பில் கட்டச் சிரமப்பட்டனர், அல்லது செலவுக்கு அஞ்சி வீட்டைப் பாதுகாப்பற்ற குளிரிலோ வெப்பத்திலோ வைத்திருந்தனர். செல்வம் கொழிக்கும் நாடு என்று நாம் எண்ணும் நாட்டில், நான்கு குடும்பங்களில் ஒன்றுக்கு இந்த நிலை.

உரிமையாளர் எல்லாருமே கல்நெஞ்சர் என்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது. ஓய்வூதியத்துடன் நான்கு வீடுகளின் வாடகையை நம்பி வாழும் முதியவரும் உரிமையாளர்தான். பழைய கொதிகலனை மாற்றப் பெருந்தொகை கேட்டால் அவர் எங்கே போவார்? ஆகவே, யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதைவிட, பணம் கட்டியவருக்குப் பயன் போய்ச் சேரும்படி திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி.

அப்படி வகுக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஏழைகளின் வீடுகளைக் குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்பச் சீரமைக்க, அமெரிக்க அரசு 1976ம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில், ஓர் அடுக்குமாடியில் 66 விழுக்காட்டு வீடுகளில் தகுதியுள்ள ஏழைக் குடும்பங்கள் இருந்தால் முழுக் கட்டடத்தையும் சீரமைக்கலாம். பயன் முதன்மையாகக் குடியிருப்போருக்கே சேர வேண்டும் என்றும், செய்த வேலையைக் காரணம்காட்டிக் குறிப்பிட்ட காலத்திற்கு வாடகையை உயர்த்தக் கூடாது என்றும் சட்டமே சொல்கிறது. கலிபோர்னியாவில், 2015ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக, குறைந்த வாடகை அடுக்குமாடிகளின் கூரைகளில் சூரியத் தகடுகள் பொருத்தும் திட்டம் வந்தது. அதில் கிடைக்கும் மின்சாரத்தில் குறைந்தது 51 விழுக்காட்டின் பயன், குடியிருப்போரின் பில்லில் கழிக்கப்பட வேண்டும் என்பது விதி.

நியூயார்க்கில் மற்றொரு வழி பிறந்தது. நகரின் பொது வீட்டுவசதி ஆணையம், அரசு மின் நிறுவனத்துடன் சேர்ந்து, சன்னலில் பொருத்தக்கூடிய ஹீட் பம்ப் கருவிகளை உருவாக்கித் தருமாறு உற்பத்தியாளர்களுக்கு 2021ம் ஆண்டு சவால் விடுத்தது. சாதாரண சுவர் பிளக்கில் இணைத்தால் போதும். சுவரை உடைக்க வேண்டாம், குடும்பத்தை வெளியேற்ற வேண்டாம். குளிர் காலத்தில் வெப்பமும், கோடையில் குளிர்ச்சியும் தரும். 2022ம் ஆண்டில் 7 கோடி டாலர் மதிப்பில் 30,000 கருவிகளுக்கு இரண்டு நிறுவனங்களிடம் ஒப்பந்தம் செய்யப்பட்டது. இங்கே உரிமையாளரும், வெப்பத்திற்குப் பணம் கட்டுபவரும் அந்த ஆணையமே என்பதால், சீரமைப்பின் இலாபம் யாருக்கு என்ற இழுபறி எழவில்லை.

நடுவண் அரசும் 2022ம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, வீட்டு எரிசக்திச் சீரமைப்புக் கழிவுகளுக்கு ஏறத்தாழ 880 கோடி டாலரை ஒதுக்கியது. ஏழைகள் வாழும் வாடகைக் கட்டடங்களுக்கு இதில் உதவி பெறுவோர், சீரமைப்பைக் காரணம்காட்டிக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு வாடகையை உயர்த்தவோ குடியிருப்போரை வெளியேற்றவோ கூடாது என்ற நிபந்தனையும் வைக்கப்பட்டது. ஆனால், அரசுகள் மாறும்போது கொள்கைகளும் மாறுகின்றன. வீட்டைச் சீரமைப்போருக்கு வழங்கப்பட்டுவந்த வருமான வரிச் சலுகையை, 2025ம் ஆண்டு ஜூலையில் கையெழுத்தான சட்டம், அவ்வாண்டு டிசம்பர் 31ம் தேதியுடன் முடித்துவைத்தது.

சீரமைப்பு என்ற பெயரில் எதையும் செய்துவிடலாம் என்பதும் அல்ல. கடல் கடந்து இலண்டன் மாநகரைப் பாருங்கள். 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் கோபுரக் குடியிருப்பு, கதகதப்பைக் கூட்டுவதும் ஒரு நோக்கமாக, வெளிச்சுவரில் புதிய உறை பூசிச் சீரமைக்கப்பட்டது. 2017ம் ஆண்டு ஜூன் 14ம் தேதி அங்கு ஏற்பட்ட தீ, எளிதில் பற்றும் தன்மைகொண்ட அந்த உறையின் வழியே பரவி 72 பேரைப் பலிகொண்டது. பாதுகாப்பை விட்டுக்கொடுத்துச் செய்யும் சிக்கனம், சிக்கனமே அல்ல.

அன்பர்களே, இணைச்சட்ட நூல் 22ம் பிரிவில் சிறியதொரு கட்டளை இருக்கிறது. புதுவீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையெனில், அங்கிருந்து யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. வீடு உன்னுடையதாக இருக்கலாம், ஆனால் அதில் கால் வைப்பவரின் உயிருக்கு நீ பொறுப்பு என்கிறது அந்தக் கட்டளை. மூடாத கதவும், தீப்பற்றும் சுவரும், நடுங்கவைக்கும் சன்னலும், நம் காலத்தின் எழுப்பப்படாத கைப்பிடிச் சுவர்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும், 2015ம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' என்ற திருமடலில், கட்டடங்களை எரிசக்தி வீணாகாத வகையில் கட்டுவதையும் பழுதுபார்ப்பதையும், நல்ல அரசியல் செய்ய வேண்டிய பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டுள்ளார்.

இது எங்கோ நடக்கும் கதை என்று நாம் கடந்துபோக வேண்டாம். நம் நாட்டில் 2015ம் ஆண்டு தொடங்கிய உஜாலா திட்டத்தில், 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை, 2016ம் ஆண்டில் 38 ரூபாயாக இறங்கியது. வாடகைக்கு இருப்பவரும் பயனடைந்தார், வீடு மாறும்போது பல்பைக் கழற்றி எடுத்துச் சென்றார். ஆனால், மொட்டை மாடியில் இறங்கும் வெக்கையை அவர் கழற்ற முடியுமா?

தமிழகத்தில் 2016ம் ஆண்டு முதல், ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. ஆயினும், ஒரே இணைப்பிலிருந்து சப் மீட்டர் வைத்து, எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலையாக உரிமையாளர்கள் வசூலிக்கும் வீடுகள் நம் தெருக்களில் எத்தனை! அங்கே அந்த 100 யூனிட் யாருக்குப் போகிறது?

நம்மில் சிலர் வாடகைக்கு விடுபவர்கள். சில பங்குகளுக்கும் நிறுவனங்களுக்கும்கூட வாடகைக் கட்டடங்கள் உண்டு. அடுத்த முறை வாடகை வாங்கும்போது சில கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். அரசு ஏழைக்குத் தந்த சலுகை என் கையில் நின்றுவிடுகிறதா? மேல்மாடிக் குடும்பம் வெக்கையில் உறங்க முடியாமல் தவிப்பது எனக்குத் தெரியுமா? தளத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்க, பழைய ஒயரிங்கை மாற்ற, இந்த ஆண்டு எதையாவது ஒதுக்க முடியுமா?

வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் மீட்டரைப் பார்க்கவும், கட்டணத்திற்குக் கணக்குக் கேட்கவும் தயங்க வேண்டாம். கணக்குக் கேட்பது சண்டைக்கு இழுப்பதாகாது. கட்டியவருக்கே பயன் போய்ச் சேரவேண்டும் என்பது நீதி. அந்த நீதி, நாம் வாழும் கட்டடத்தின் மாடிப்படியிலேயே தொடங்கட்டும்.