எந்த வயது அப்பா?

அக்கா மகனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அக்காவுக்கு வேலை நாள் என்பதால் அத்தானுடன் நான் போயிருந்தேன். நோட்டை மறந்துவிட்டு வருகிறான், எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறான், கேள்வியை முழுதாகப் படிக்காமலே விடை எழுதுகிறான் என்று வாசித்து முடித்த ஆசிரியர், அத்தானைப் பார்த்துச் சிரித்தார். "நீயும் எங்கிட்டதானேப்பா படிச்சே. அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கான். ஜீன்ல இருக்கு, என்ன பண்ண முடியும்?" அத்தானும் சிரித்தார். பன்னிரண்டு வயதுப் பையன் மட்டும் சிரிக்கவில்லை.

நூலைப் போல சேலை என்று பாட்டி சொன்னால் அது பழமொழி. 'ஜீன்ல இருக்கு' என்று வாத்தியார் சொன்னால் அது விஞ்ஞானம். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: பிறப்பில் வந்தது மாறாது. இந்த நம்பிக்கைக்குத்தான் என் கண்டனம்.

கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, வாய்வரை வந்த பதிலை அடக்குவது, நாலு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு ஐந்தாவதைச் செய்வது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தடுமாறாமல் தாவுவது ஆகியவற்றைச் சேர்த்து உளவியலார் 'எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்' என்கிறார்கள். மன மேலாண்மை என்று நான் எழுதுகிறேன். 2008-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நவோமி ஃப்ரீட்மன், அகிரா மியாகே குழுவினர் 17 வயதை ஒட்டிய இரட்டையரைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது போன்ற சோதனைகள். எல்லாச் சோதனைகளுக்கும் அடியில் ஓடும் பொது இழையைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், அதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 99% மரபு வழியானது என்றது அந்தக் கட்டுரை.

எண்ணை மறுக்க நான் வரவில்லை. தனித்தனிச் சோதனைகளில் மரபின் பங்கு இதைவிட வெகு குறைவு என்றாலும், அந்த ஆய்வு ஒழுங்கான வேலைதான். என் சண்டை அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பையனைப் பார்ப்பவர்களோடு. 99% என்பது ஒரு பையனின் மனதில் 99 பங்கு அப்பாவும் அம்மாவும் போட்டது என்று பொருள்படாது. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. ஒரே மடையில் தண்ணீர் சமமாகப் பாயும் வயலில் விளைச்சல் கூடக் குறைய இருந்தால் காரணம் விதைதான். கடைமடைக்குத் தண்ணீரே வராத வயலில் அதே விதைகளை விதைத்துப் பாருங்கள், கணக்கு தலைகீழாகும்.

காலப்போக்கில் இந்தத் திறன் என்ன ஆகிறது? நம்பிக்கை சறுக்குவது இங்கேதான். அதே இரட்டையரை 23 வயதில் மறுபடி சோதித்தார்கள். யார் முன்னே, யார் பின்னே என்ற வரிசை பெரிதாக மாறவில்லை. வியட்நாம் போர்க்காலத்தில் படையில் இருந்த அமெரிக்க இரட்டையரை 56 வயதிலும் 62 வயதிலும் சோதித்தபோதும் மரபின் செல்வாக்கு ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. 'பார்த்தீர்களா' என்பார்கள். பள்ளிக்கூட அசெம்பிளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் உயரப்படி நிற்க வைத்தபோது முதலில் நின்றவன் பத்தாம் வகுப்பிலும் பெரும்பாலும் முன்வரிசையில்தான் நிற்பான். அதனால் அவன் வளரவில்லை என்று யாராவது சொல்வார்களா? ஆறாம் வகுப்புச் சட்டை அவனுக்குத் தோளிலேயே நின்றுவிடும். ஆய்வுகள் அளந்தது வரிசையை. நாம் படித்துக்கொண்டது உயரத்தை. மன மேலாண்மைக்கு ஆதாரமான முன்மூளைப் பகுதி இருபது வயது கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டு வயதில் அதன் கணக்கை முடித்துவிட்டு எழுந்திருப்பது அவசரம்.

மரபு என்றாலே நிலைத்து நிற்பது என்ற நினைப்பும் தவறு. மீசையும் வழுக்கையும் ஜீனில்தான் இருக்கின்றன. இரண்டும் பிறந்த அன்று வந்துவிடுவதில்லை. (வழுக்கை விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம்.) மாற்றத்துக்கும் மரபு காரணமாகிறது. ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் 1932-இலும் 1947-இலும் 11 வயதுப் பிள்ளைகள் ஓர் அறிவுத்திறன் தேர்வு எழுதினார்கள். அவர்களில் பலரை முதுமையில் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். 2012-இல் வந்த கணக்கின்படி, அந்த இடைவெளியில் ஒருவர் முன்னேறியதற்கும் இன்னொருவர் பின்தங்கியதற்கும் உள்ள வேறுபாட்டில் சுமார் 24% மரபு வழியானது. பிழைவரம்பு பெரியதுதான். ஆனாலும் மீதிப் பெரும்பகுதி வேறெங்கிருந்தோ வருகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி, மரபு என்பதில் நூற்றுக்கு நூறு சந்தேகமில்லாத ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபீனைல்கீட்டோனூரியா. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான ஒரே மரபணுவைப் பெற்ற குழந்தைக்கு, புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற பொருளைச் செரித்து மாற்ற முடியாது. அது இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். 1934-இல் நார்வேயில், தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஏன் அறிவு வளரவில்லை என்று மருத்துவர் மருத்துவராக அலைந்த ஒரு தாய், அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவரிடம் வந்து சேர்ந்தார். பிள்ளைகளின் சிறுநீரில் இரும்புக் குளோரைடை விட்டபோது நிறம் பச்சையானது. நோய் பிடிபட்டது, மருந்து இல்லை. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹார்ஸ்ட் பிக்கெல் குழுவினர் ஃபீனைல்அலனின் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1960-களில் ராபர்ட் கத்ரீ, குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பச்சிளங் குழந்தையிலேயே கண்டுபிடிக்க வழி செய்தார். அதே மரபணு, அதே பழுது. தட்டில் இருப்பதை மாற்றியதும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளாக வளர்ந்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த பிள்ளைகளை 1990-களில் ஆய்வாளர் அடேல் டயமண்ட் உற்றுப் பார்த்தார். இரத்தத்தில் அந்தப் பொருள் இயல்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்குவரை இருந்த பிள்ளைகள் மற்றவற்றில் பெரிதாகக் குறை வைக்கவில்லை. மனதில் வைத்திருப்பது, அவசரத்தை அடக்குவது என்ற இரண்டில் மட்டும் தடுமாறினார்கள். அளவு அதற்கும் கீழே இருந்தவர்களிடம் தடுமாற்றம் இல்லை. மன மேலாண்மையின் மேல் மரபு கைவைக்கும் மிகத் தெளிவான இடம் இது. அங்கேயே இரத்தத்தில் அந்தப் பொருளின் அளவு கூடினால் தடுமாற்றம் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது. 'ஜீன்ல இருக்கு, என்ன பண்ண முடியும்' என்று அந்த நார்வேத் தாயிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாரா?

இந்த நம்பிக்கையில் காசு பார்க்கும் கூட்டமும் உண்டு. பத்து விரல் ரேகையையும் எடுத்துக்கொண்டு, உங்கள் பிள்ளையின் கவனம் இவ்வளவு, அவன் படிக்க வேண்டியது இது என்று வண்ணப் படம் போட்ட அறிக்கை தருகிறார்கள். இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. சுமார் 4.27 லட்சம் பேரின் மரபணுத் தரவைச் சலித்த ஓர் ஆய்வில், மன மேலாண்மையோடு தொடர்புள்ள 129 மரபணு மாறுபாடுகள் தென்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. ரேகை வியாபாரிக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. கருவிலேயே உருவாகி ஆயுள் முழுக்க மாறாத ஒன்றை வைத்து, இருபது வயது கடந்தும் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு ஜோசியம் சொல்கிறார்.

பயிற்சி கொடுத்தால் யாரையும் எதுவாகவும் ஆக்கலாம் என்று நான் வாதாடுவதாக நினைத்துவிட வேண்டாம். அதுவும் ஒரு வியாபாரம். மூளைப் பயிற்சி விளையாட்டுகளை 11,430 பேரிடம் ஆறு வாரம் சோதித்து 2010-இல் வந்த ஆய்வில், விளையாடியவர்கள் அந்த விளையாட்டில் தேறினார்கள், அவ்வளவுதான். பலன் தந்தது வேறு. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரில் ஒரு பாதிக்கு இரண்டு ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற மறுபாதியைவிட இவர்களின் மன மேலாண்மை முன்னேற்றம் 83% கூடுதல். முதுமை மறதியின் அபாயத்தைக் கூட்டும் மரபணு வகை உடையவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்றவர் அறுபதைக் கேட்கவில்லை போலும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அத்தான் பைக்கில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தார். அவருக்கு லாரி புக்கிங் ஆபீஸ். எந்த வண்டி எந்த டோல்கேட்டைத் தாண்டியது, யாருக்கு எவ்வளவு பேட்டா பாக்கி, எந்த வண்டிக்கு எஃப்.சி. தேதி நெருங்குகிறது என்று நாலு டிரைவர்களிடம் மாறி மாறிப் பேசினார். கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நடுவில் ஒரு டிரைவர் கத்தினார், இவர் கத்தவில்லை. நோட்டை மறந்துவிட்டு வந்த அந்தப் பழைய மாணவனைத்தான் வாத்தியார் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். பையன் பைக் கண்ணாடி வழியாக அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.